இரண்டு கடன், ஒரே தவணை நாள்: ரகசியப் படைவீரர்களைப் பற்றி ஓர் அறிவியல் போர்ப் புதினம் எழுத முழுமையான வழிகாட்டி

சூலூர்பேட்டையிலிருந்து சென்னைக்குப் புறப்படும் புறநகர் ரயிலில் ஏறினால், தடாவுக்கும் ஆரம்பாக்கத்துக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் ஆந்திரம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. அதற்காக ரயில் நிற்பதில்லை, யாரும் இறங்கிக் கையெழுத்திடுவதும் இல்லை. பெட்டிக்குள் பேசிக்கொண்டு வருபவர்கள் தெலுங்கில் தொடங்கிய வாக்கியத்தைத் தமிழில் முடித்துக்கொண்டு அப்படியே பயணம் செய்கிறார்கள். இந்த எல்லையோரத்தில் வளர்ந்த நான், எதிர்காலத்தில் நடக்கும் ஒரு போரையும் அதில் ரகசியமாகப் பணிபுரியும் வீரர்களையும் அவர்களுடைய பிளவுண்ட விசுவாசத்தையும் பற்றி ஒரு புதினம் எழுதி முடிக்க ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன். அவற்றில் நான்கு ஆண்டுகள் வீணாய்ப் போயின. இந்த வகைக் கதையை எழுத நினைப்பவர்கள் அந்த நான்கு ஆண்டுகளையாவது மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்பதற்காக, நான் கற்றதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: ஆயுதத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கடன்களை எழுதுங்கள்

என்னுடைய முதல் வரைவில் கவச உடையைப் பற்றி மட்டும் நாற்பது பக்கங்கள் இருந்தன. அந்த உடைக்குள் இருந்தவளுக்கு யாரிடம் என்ன பாக்கி என்பது ஒரு பக்கத்தில்கூட இல்லை. ஒரு வீரரின் விசுவாசம் பிளவுபடுவதற்குத் துரோக எண்ணம் தேவையே இல்லை. நியாயமான இரண்டு கடன்களுக்கு ஒரே நாளில் தவணை வந்தால் போதும். ஒரு தரப்பு கெட்டது என்பது வாசகருக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டால், வீரர் எப்போது அணி மாறுவார் என்று காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருக்காது.

எனவே முதலில் ஒரு தாளில் உங்கள் நாயகர் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று எழுதுங்கள்: எடுத்த உறுதிமொழி, பக்கத்தில் படுத்துறங்கும் சக வீரர்கள், பெற்றவர்கள், ஊர், தனக்குத் தெரிந்த உண்மை. இந்தியப் படையில் சேருபவர் எடுக்கும் உறுதிமொழி எந்த அதிகாரியின் பெயரையும் சொல்லுவதில்லை. அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன், தரைவழியோ கடல்வழியோ வான்வழியோ அனுப்பும் இடத்துக்குச் செல்வேன், உயிருக்கே ஆபத்து நேர்ந்தாலும் மேலதிகாரியின் கட்டளைக்குப் பணிவேன் என்பதே அதன் சாரம். அரசியலமைப்பும் மேலதிகாரியும் வெவ்வேறு திசையில் இழுத்தால் என்ன செய்வது என்ற கேள்வி அந்த ஒரே உறுதிமொழிக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கிறது. புதினம் அதை எழுப்பினால் போதும்.

கற்பனைக்கு வரலாறு வேண்டுமென்றால் தொலைவில் தேட வேண்டியதில்லை. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குப் புதிய வடிவத் தலைப்பாகையும் தோல் பட்டையும் நெற்றிக் குறிக்கு விதித்த தடையும் உடனடிக் காரணங்கள். கோட்டைக்குள் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருந்தது இன்னொரு காரணம். ஆனால் புதின ஆசிரியருக்கு அங்கே கிடைக்கும் புதையல், முஸ்தபா பேக் என்ற சிப்பாய். நடக்கப்போவதை அவர் முன்கூட்டியே மேலதிகாரியிடம் சொன்னார். விசாரித்த இந்திய அதிகாரிகள் அவருடைய பேச்சைத் தள்ளிவிட, அவரைத்தான் காவலில் வைத்தார்கள். கலகம் அடக்கப்பட்ட பிறகு அவருக்கே வெகுமதி கிடைத்தது. அவர் காட்டிக்கொடுத்தவரா, உறுதிமொழியைக் காத்தவரா? அவரை விசாரித்தவர்கள் எந்தக் கடனை அடைத்தார்கள்? இப்படி நான்கு பக்கமும் நியாயம் பேசக்கூடிய ஒருவரை உங்கள் கதையில் வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது எடுத்துக்காட்டு 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்த பிறகு தொடங்குகிறது. பிரிட்டிஷ் மன்னருக்கு உறுதிமொழி எடுத்திருந்த இந்திய வீரர்கள் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், பலர் சேர மறுத்துச் சிறைமுகாமிலேயே இருந்தார்கள். 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீது வழக்கு நடந்தது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு நீக்கப்பட்டது. சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒரே மரியாதையோடு எழுதிப் பழகுங்கள். முடியவில்லை என்றால் உங்கள் புதினம் இன்னும் பிரசாரமாகவே இருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் படி: படைக்குச் சலிப்பூட்டும் பெயர் வையுங்கள்

ரகசியப் படைக்குப் புலி, கழுகு, நிழல் என்றெல்லாம் பெயர் வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். 1962 நவம்பரில், சீனப் போரின் நடுவே, திபெத்திய அகதிகளைக் கொண்டு இந்தியா ஒரு மறைமுகப் படையை உருவாக்கியது. அது புழங்கிய பெயர் வெறும் 'எஸ்டாபிளிஷ்மென்ட் 22'. அதன் முதல் தலைவர் சுஜன் சிங் உபான் முன்பு 22 ஆம் எண் கொண்ட மலைப் பீரங்கிப் பிரிவொன்றை நடத்தியவர் என்பதால் வந்த எண் அது. தங்கள் நாட்டை மீட்பதற்காகச் சேர்ந்த அந்த வீரர்கள் 1971இல் சிட்டகாங் மலைகளில், தங்களுடையதல்லாத ஒரு போரில் இறங்கினார்கள். ரகசியத்தையும் பிளவுண்ட விசுவாசத்தையும் ஒரே உடலில் பார்க்க இதைவிடத் துல்லியமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

என் புதினத்தில் படையின் பெயர் 'நீர்மட்டக் கணக்குப் பிரிவு'. பழவேற்காடு ஏரித் தீவொன்றில் அவர்கள் உண்மையிலேயே தினமும் இருமுறை நீர்மட்டம் அளந்து பதிவேட்டில் எழுதுகிறார்கள். அந்தப் பதிவேட்டைப் பிழையில்லாமல் எழுதுவதும் அவர்களுக்குக் கடமைதான். மறைப்புக்காகச் செய்யும் வேலையை வீரர் மெல்ல மெல்ல நேசிக்கத் தொடங்குவதைப் போல அழகான சிக்கல் வேறில்லை.

அளவைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷன் ஒரு புதினத்துக்குத் தாராளம். மூன்று செக்‌ஷன் சேர்ந்த பிளட்டூனுக்குப் போனாலே வாசகர் பெயர்களைத் தொலைத்துவிடுவார். சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார் என்ற படிவரிசையைப் பிழையின்றிப் பயன்படுத்துங்கள். வெல்லிங்டனில் மையம் கொண்ட மதராஸ் படைப்பிரிவில் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் ஒரே பந்தியில் உண்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்தால் பாளையத்துப் பேச்சு தானாகவே அமையும்: சமையற்கூடம் 'லங்கர்' ஆகிவிடும், வரிசையில் நிற்பது 'ஃபாலின்' ஆகிவிடும், கோபம் மட்டும் அவரவர் தாய்மொழியில் வரும்.

மூன்றாம் படி: ரகசியத்துக்கு ஒரு பேரேடு போடுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிகம் தோற்றேன். ரகசியம் என்பதை ஒரு சூழலாக, இருட்டாக, தாழ்ந்த குரலாக எழுதிக்கொண்டிருந்தேன். மளிகைக்கடைக் கடன் நோட்டைப் போல யார் கணக்கில் எவ்வளவு என்று வரிவரியாக எழுதினால் மட்டுமே அது வேலை செய்யும்.

நீளமான பேரேடு ஒன்றை வாங்கிப் பக்கத்துக்கு ஐந்து பத்தி பிரியுங்கள். முதற்பத்தியில் கதை நடக்கும் நாள். இரண்டாவதில் மறைக்கப்படும் செய்தி. மூன்றாவதில் அது யாருக்கெல்லாம் தெரியும் என்பது. நான்காவதில் தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பவர் யார் என்பது. ஐந்தாவதில் அதைக் காப்பதற்காக அன்று சொல்லப்பட்ட பொய். ஐந்தாம் பத்திதான் புதினம். ஒவ்வொரு பொய்யையும் அடுத்த வாரம் யாராவது நினைவு வைத்திருப்பார்கள். அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய் வேண்டியிருக்கும். மூன்றாவது பொய்யில் அம்மா சிக்குவாள். நான்காம் பத்தி காலியாகவே இருந்தால் உங்கள் பாத்திரங்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று பொருள், ஏனென்றால் நிஜக் குடும்பங்களில் ரகசியம் காக்கப்படுவது அது தெரியாததால் அன்று, கேட்காமல் இருப்பதால்.

1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைத்து வைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இவை இரண்டையும் படித்து வையுங்கள், ஆனால் உரையாடலில் கொட்டாதீர்கள். சட்டத்தின் எடை வாசகருக்குத் தெரிய வேண்டியது நாயகி விடுப்பில் வீட்டுக்கு வந்து, மாதாமாதம் அனுப்பும் பணம் ஏன் கூடியது என்ற கேள்விக்குச் சாம்பாரைப் பற்றிப் பதில் சொல்லும் இடத்தில்.

நான்காம் படி: புதுப்பொருள் ஒன்றே ஒன்று

அறிவியல் புதினம் என்பதற்காகப் பத்துப் புதுமைகளை அடுக்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அது அந்த இரண்டு கடன்களையும் இன்னும் இறுக்க வேண்டும்.

எனக்கு அது வீட்டு மாடியில் கிடைத்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும்போது முதலில் தெரிவது வெளிச்சம். பாக்கு மரங்களுக்குமேல் ஆரஞ்சு நிறப் புகைத்தூண் எழும், தெருப்பிள்ளைகள் கத்துவார்கள், ஆனால் ராக்கெட் ஊமையாகவே ஏறிக்கொண்டிருக்கும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி எடுத்துக்கொள்வதால், 15 கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு அந்த உறுமல் ஏறத்தாழ 44 விநாடி கழித்தே வந்து சேரும். அது வரும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், ஆனால் ராக்கெட் அப்போது அந்த இடத்திலேயே இருக்காது. நாம் கேட்பது நடந்து முடிந்ததை. கட்டளையும் அப்படித்தான் என்று ஒருநாள் தோன்றியது, புதினம் கிடைத்துவிட்டது.

என் கதையில் தளபதி நிலவைச் சுற்றும் நிலையத்தில் இருக்கிறார். நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர் என்பதால் ஒளிக்கே ஒருவழிக்கு 1.28 விநாடி ஆகும். கேள்வி போய்ப் பதில் வர 2.6 விநாடி. அற்பமாகத் தோன்றும். ஆனால் புவியைத் தாழ்வான பாதையில் சுற்றும் பொருள் விநாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் ஓடுகிறது; அந்த இடைவெளியில் அது 20 கிலோமீட்டர் அளவுக்குக் கடந்துவிடும். 'நிறுத்து' என்ற சொல் எப்போதும் தாமதமாகவே வரும் என்றால், நிறுத்துவதா வேண்டாமா என்பதைத் தரையில் இருக்கும் ஹவில்தார்தான் முடிவு செய்தாக வேண்டும். உங்கள் களம் செவ்வாய் என்றால் ஒருவழித் தாமதமே 3 முதல் 22 நிமிடம் வரை. அங்கே வீரர் ஏறத்தாழத் தனி அரசர்.

கட்டளையின் விளைவும் உண்மையான இயற்பியலில் கால்பதிக்கட்டும். 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளைச் சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்தது. கண்காணிக்கத்தக்க துண்டுகளே மூவாயிரத்துக்கு மேல், அவற்றில் மிகப் பல இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2019 மார்ச் 27 அன்று இந்தியா செய்த சோதனை ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்குள் நடந்ததால் துண்டுகளில் பெரும்பாலானவை விரைவில் விழுந்து எரிந்தன. உயரம் என்ற ஒரே எண், ஒரு கட்டளையைச் சில மாதச் சிக்கலாகவோ பல தலைமுறைப் பாவமாகவோ மாற்றிவிடுகிறது. இத்தகைய எண் ஒன்று கையில் இருந்தால், நாயகி கட்டளையைச் சந்தேகிப்பதற்குக் கண்ணீர் தேவைப்படாது.

ஐந்தாம் படி: எல்லையை ஊராக எழுதுங்கள், கோடாக அல்ல

ஒரு பிழையை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் வரைவில் எங்கள் தரப்பு தமிழிலும் எதிர்த்தரப்பு தெலுங்கிலும் பேசியது. அதைப் படித்த என் அண்ணி, நெல்லூர்ப் பக்கத்துப் பெண், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப்படியை அடுக்களை மேடையில் வைத்துவிட்டு, "அப்போ நான் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். அன்று 200 பக்கங்களைக் கிழித்தேன்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமானபோது இந்த வட்டாரத்தின் வீடுகள் பல, இருந்த இடத்திலேயே இருந்தபடி மாநிலம் மாறின. வடக்கெல்லைக்காக ம.பொ.சி. நடத்திய போராட்டங்களுக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப்பக்கம் வந்தது; பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் அந்தப்பக்கம் போயின. போன ஊர்களிலும் தமிழ் பேசும் வீடுகள் உண்டு, வந்த ஊர்களிலும் தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. எதிர்காலத்தில் எத்தனை கோள்களுக்கு மனிதர் போனாலும் இந்தக் கணக்கு மாறாது என்ற துணிவோடு எழுதுங்கள். எதிரி முகாமில் நாயகிக்கு ஒரு சம்பந்தி வீடு இருக்கட்டும்.

வட்டாரத்தின் சொந்த ஒழுங்கு ஒன்றையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்ற முறை உண்டு: எந்த நாளில் எந்த நீரில் யார் வலை விரிப்பது என்பதை மீனவ ஊர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அது. இதை நான் முதலில் வெறும் நிறத்துக்காகத்தான் சேர்த்தேன். பிறகு பார்த்தால் புதினத்தின் பூட்டும் சாவியும் அதுவாகவே ஆகிவிட்டது.

ஆறாம் படி: இரண்டு தவணையையும் ஒரே இரவில் மோத விடுங்கள்

நாயகி ஹவில்தார் தேசம்மா. (பெயரில் குறியீடு தேட வேண்டாம், எங்கள் பக்கத்து அம்மன் பெயர் அது.) வழக்கமான ராக்கெட் ஏவுதலுக்கு முன்பு மீனவர்களுக்கு எச்சரிக்கை வரும், படகுகள் விலகி நிற்கும். அவளுடைய பிரிவு தீவிலிருந்து செய்யும் ரகசிய ஏவுகணை ஏவுதலுக்கு எச்சரிக்கை தர முடியாது. ஏவும் இரவு வெள்ளிக்கிழமை. சீட்டில் தாய்மாமனுக்கு முறை விழுந்திருப்பதும் அதே வெள்ளிக்கிழமை, தீவை ஒட்டிய நீரில். "போகாதே மாமா" என்று அவள் சொன்னால் போதும், அவர் உயிர் தப்பும். ஆனால் தனக்கு வந்த முறையை எந்த மீனவரும் காரணமில்லாமல் விடமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அவர் விட்டால் மறுகரைவரை செய்தி போகும்.

இந்த அத்தியாயத்தை மனப்போராட்டமாக ஆறு முறை எழுதி ஆறு முறையும் கெடுத்தேன். நினைப்பை விட்டுவிட்டுக் கைகளை எழுதியபோதுதான் சரியாக வந்தது. அந்தப் பகுதி இப்படி அமைந்தது:

விடியுமுன் மாமா திண்ணையில் வலையை விரித்துப் போட்டிருந்தார். தேசம்மா காப்பித் தம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். ஒரு முழ நீளத்துக்குக் கண்ணிகள் அறுந்திருந்தன. அவர் அறுபட்ட நுனிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"எலியா மாமா?"

"எலி கடிச்சா இப்படி நேரா இருக்காதே, அம்மாடி."

அவள் தூணைப் பார்த்தாள். அவர் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு தெலுங்கில், கூடத்தில் இருந்த அக்காவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார், வலை தைக்க மூன்று நாள் ஆகும், வெள்ளிக்கிழமை முறையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று.

கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். மாமனைக் காப்பாற்றியதன் மூலம் அவள் இன்னொருவரை அந்த நீருக்கு அனுப்பிவிட்டாள். ஒரு கடனை அடைத்த கையோடு அடுத்த கடன் பிறக்க வேண்டும். இல்லையென்றால் அது தீர்வு, புதினம் அங்கேயே நின்றுவிடும். இதற்குப் பிறகு வரும் நூறு பக்கங்களுக்கும் எனக்குத் திட்டமே தேவைப்படவில்லை.

ஏழாம் படி: போர்க்காட்சி

சுருக்கமாக எழுதுங்கள். யார் எங்கே நிற்கிறார், யாருக்கு யார் தெரிகிறார், யாருடைய கட்டளை இன்னும் வந்து சேரவில்லை என்ற மூன்றும் தெளிவாக இருந்தால் நான்கு பக்கம் போதும். வெடிச்சத்தத்துக்குச் சொல் தேடி அலைய வேண்டாம்.

எட்டாம் படி: முடிவும் முதல் வாசகரும்

பழைய தொண்டை நாட்டில் ஆநிரை மீட்டு இறந்தவனுக்கு நடுகல் நட்டுப் பெயரையும் பெருமையையும் பொறித்தார்கள். செங்கம் பகுதியில் பல்லவர் காலத்துக் கற்கள் இன்றும் நிற்கின்றன. ரகசியப் படைவீரருக்கு அந்தக் கல் கிடையாது. இறந்தவரின் வீட்டுக்கு என்ன காரணம் சொல்லப்பட்டது, அதை யார் நம்பினார்கள், யார் நம்பியதுபோல் நடந்துகொண்டார்கள் என்பதில்தான் கடைசி அத்தியாயத்தின் உயிர் இருக்கிறது. மூன்றாம் படியில் போட்ட பேரேட்டைத் திறந்து நான்காம் பத்தியைப் பாருங்கள், முடிவு அங்கேயே எழுதியிருக்கும். பதக்கம், பொது மன்னிப்பு, உண்மை ஊருக்குத் தெரிந்துவிடுவது ஆகிய மூன்று வழிகளையும் நான் முயன்று பார்த்து அழித்துவிட்டேன். என் கடைசிப் பக்கத்தில் நீர்மட்டப் பதிவேட்டின் ஒருநாள் பதிவு மட்டும் வருகிறது, வேறொருவர் கையெழுத்தில்.

எழுதி முடித்ததும் இலக்கிய நண்பரிடம் கொடுப்பதற்கு முன்பு, பணி ஓய்வு பெற்ற ஒரு படைவீரரிடம் கொடுங்கள். கதை பிடித்ததா என்று அவரிடம் கேட்காதீர்கள். விடுப்பு, சாப்பாடு, யார் முன்னால் யார் முதலில் பேசுவார் என்பவற்றில் பிழை இருந்தால் பென்சிலால் குறித்துத் தரும்படி மட்டும் கேளுங்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் என் படியை இரண்டு மாதம் வைத்திருந்தார். நிலவு நிலையத்தைப் பற்றியோ ஏவுகணையைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 312ஆம் பக்கத்தில், காவல் நிற்பவன் வரும் வரியில், ஒரே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் எழுதியிருந்தார்: "சென்ட்ரி உட்காரமாட்டான்."